நூற்றுக்கு மூன்றரைப் பேர்: பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்பில் வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு,



பள்ளி திறந்த இரண்டாவது வாரமே எனக்கு அந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். தமிழ்ப் பள்ளி வாசலில், கோயில் பிரசாத வரிசையில், இந்தியக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது. “டீச்சர், அந்த காலேஜ் எத்தனை பர்சென்ட்?” கேள்வி முடியும் முன்பே கேட்பவர் முகத்தில் ஒரு கலக்கம் வந்துவிடுகிறது. நான் நியூ ஜெர்சியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினேழு ஆண்டுகளாகக் கணக்கு எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் மகனும் இதே வழியில் போய் வந்தவன்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன அக்டோபரில் ஓர் அண்ணன் எக்செல் தாளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். காமன் ஆப் என்கிற பொது விண்ணப்பத்தில் அதிகபட்சம் இருபது கல்லூரிகள் போடலாம். அவர் இருபதையும் போட்டிருந்தார். எல்லாமே பெயர் பெற்றவை. எல்லாவற்றுக்கும் ஏற்பு விகிதம், அதாவது விண்ணப்பித்தவர்களில் இடம் கிடைப்பவர்களின் பங்கு, ஐந்து சதவீதத்தை ஒட்டி. “டீச்சர், ஒரு காலேஜ்ல கிடைக்காம போக வாய்ப்பு 0.95. இருபது தடவை பெருக்குனா 0.36. அப்ப எங்கயாவது ஒண்ணுல கிடைக்க 64 பர்சென்ட் இருக்கு, இல்லையா?” என்று கேட்டார். பெருக்கல் சரி. பகடை உருட்டினால் அந்த விடையும் சரி. ஆனால் இருபது கல்லூரிகளும் இருபது பகடைகள் இல்லை. அவர் மகளின் ஒரே மதிப்பெண் பட்டியல், ஒரே முதன்மைக் கட்டுரை, நான் எழுதும் ஒரே பரிந்துரைக் கடிதம்தான் இருபது மேசைகளுக்கும் போகிறது. ஒரு மேசையில் கண்ணில் படும் குறை மற்ற மேசைகளிலும் படும். பட்டியலின் நீளம் அந்தக் குறையைச் சரிசெய்யாது. அதேபோல, கோப்பு வலுவாக இருக்கிற பிள்ளையின் வாய்ப்பு அந்த ஐந்தைவிட நிச்சயம் அதிகம். ஐந்து என்பது விண்ணப்பித்த எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கி எடுத்த சராசரி. உங்கள் பிள்ளை அந்தச் சராசரியில் எங்கே நிற்கிறாள் என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது.

அந்த அண்ணன் மீது எனக்கு வருத்தமில்லை. நம்மில் பலர் தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் பொறியியல் சேர்ந்தவர்கள். பிளஸ் டூ மதிப்பெண் இருநூறுக்கு, நுழைவுத் தேர்வு நூறுக்கு, ஆக முந்நூறுக்கு எவ்வளவு என்று கட்-ஆஃப் போட்டு வளர்ந்தவர்கள். அரைப் புள்ளியில் கிண்டி பொறியியல் கல்லூரி கை நழுவிப் போனதை இன்றும் சொல்லி ஆதங்கப்படுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்த முறையில் ஒரு தெளிவு இருந்தது. உங்கள் எண் இது, கோடு இங்கே, நீங்கள் கோட்டுக்கு மேலே அல்லது கீழே. அதே கண்ணோடுதான் அமெரிக்கக் கல்லூரிகளின் சதவீதத்தையும் பார்க்கிறோம். மூன்றரை சதவீதம் என்றால், முதல் மூன்றரைக்குள் வந்துவிட்டால் இடம் உறுதி என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது.

இங்கே அப்படி ஒரு கோடு கிடையாது. மாணவர் சேர்க்கை முறையை எதிர்த்து ஹார்வர்டு மீது தொடரப்பட்ட வழக்கில் வெளிவந்த விவரம் ஒன்றைச் சொல்கிறேன். 2015ல் சேரவிருந்த வகுப்புக்கு உள்நாட்டிலிருந்து விண்ணப்பித்தவர்கள் சுமார் 26,000 பேர். அவர்களில் 8,000க்கு மேற்பட்டவர்களுக்குப் பள்ளி மதிப்பெண் சராசரி முழுசு. 3,400க்கு மேற்பட்டவர்கள் எஸ்.ஏ.டி. கணக்கில் முழு மதிப்பெண். 2,700க்கு மேற்பட்டவர்கள் ஆங்கிலப் பகுதியில் முழு மதிப்பெண். இருந்த இடம் ஏறக்குறைய 1,600. கோட்டை வானத்தின் உச்சியில் போட்டாலும் கோட்டின் மேலேயே ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் நிற்கிறார்கள். அங்கிருந்து யாரை எடுப்பது என்பதை மதிப்பெண்ணால் முடிவு செய்ய முடியாது. அதனால்தான் கட்டுரையும் கடிதமும் ஊரும் குடும்பப் பின்னணியும், அந்த ஆண்டு அந்தக் கல்லூரிக்கு எந்தத் துறையில் ஆள் வேண்டும் என்பதும் கணக்கில் வருகின்றன. இது நியாயமா என்று கேட்டால், முழுக்க நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் முறை இதுதான் என்று தெரிந்துகொண்டு உள்ளே போவது வேறு, கட்-ஆஃப் என்று நம்பிப் போய் நெஞ்சு உடைவது வேறு.

இனி அந்த ஏற்பு விகிதத்தைப் பிரித்துப் பார்ப்போம். மேலே எத்தனை பேருக்கு இடம் கொடுத்தார்கள், கீழே எத்தனை பேர் கேட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பின்னம்தான். நம் எல்லோருடைய கவனமும் மேலே இருக்கிற எண்ணிலேயே இருக்கிறது. கதை பெரும்பாலும் கீழே நடக்கிறது.

2020ல் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 40,248 பேர். இடம் கிடைத்தவர்கள் 1,980. அதாவது 4.9 சதவீதம். அடுத்த ஆண்டு விண்ணப்பித்தவர்கள் 57,435. இடம் கிடைத்தவர்கள் 1,968. விகிதம் 3.4க்கு இறங்கியது. மேலே இருக்கும் எண் பன்னிரண்டு பேர் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். கீழே பதினேழாயிரம் பேர் கூடியிருக்கிறார்கள். ஒரே ஆண்டில் பிள்ளைகளின் தரம் மாறவில்லை, பேராசிரியர்கள் மாறவில்லை, வகுப்பறை மாறவில்லை. கொரோனா காலத்தில் எஸ்.ஏ.டி. மதிப்பெண் அனுப்புவது கட்டாயமில்லை என்றார்கள். “போட்டுத்தான் பார்ப்போமே” என்று இன்னும் பல்லாயிரம் பேர் போட்டார்கள். அந்த ஆண்டு நம் வாட்ஸ்அப் குழுக்களில் வந்த செய்தி என்ன தெரியுமா? “ஹார்வர்டு இன்னும் கஷ்டமாகிவிட்டது.” அதைப் படித்துவிட்டு என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். 2024ல் 54,008 பேர் விண்ணப்பித்து 1,937 பேருக்கு இடம் கிடைத்தது. விகிதம் கொஞ்சம் ஏறி 3.6. தேர்வு மதிப்பெண் மறுபடி கட்டாயம் என்று அதே ஆண்டு ஹார்வர்டு அறிவித்தது. எம்.ஐ.டி. இதை 2022லேயே செய்துவிட்டது.

கீழே இருக்கிற எண்ணைக் கல்லூரியே ஊதிப் பெரிதாக்கவும் முடியும். எங்கள் வீட்டு நிலவறையில் ஓர் அட்டைப் பெட்டி இருக்கிறது. என் மகன் பதினொன்றாம் வகுப்பில் பி.எஸ்.ஏ.டி. எழுதிய பிறகு வந்த தபால்கள். வழவழத் தாள், இலையுதிர்காலச் சிவப்பு மரங்கள், புல்வெளியில் சிரிக்கும் நான்கு பிள்ளைகள். ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து மட்டும் பதினோரு தபால். அவன் பெயரை அழைத்து, அவன் சாதனைகளைப் பாராட்டி, கட்டணம் இல்லாமல் விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அவன் ஒவ்வொன்றையும் படித்து அடுக்கி வைத்தான். “அம்மா, அவங்களுக்கு என்னை வேணும்போல” என்றான். அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கும் அவன் மதிப்பெண்ணுக்கும் எட்டாத தூரம். எனக்குத் தெரிந்திருந்தும் அப்போது அவனிடம் சொல்ல மனம் வரவில்லை. விண்ணப்பித்தான், மார்ச்சில் மறுத்து மூன்று வரியில் பதில் வந்தது. பெட்டியை நான் இன்னும் எறியவில்லை, ஒவ்வோர் ஆண்டும் பெற்றோருக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கிறேன்.

தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெயர் விவரங்களைத் தேர்வு நடத்தும் அமைப்பான காலேஜ் போர்டு கல்லூரிகளுக்கு விற்றுவந்ததும், 2019ல் ஒரு பெயருக்கு விலை 47 சென்ட் என்பதும் பத்திரிகையிலேயே வந்த செய்தி. அந்தப் பெயர்களில் சேர்க்கவே நினைக்காத பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் விண்ணப்பித்தால் கீழே எண் கூடும், விகிதம் இறங்கும், கல்லூரியின் மவுசு ஏறும். தபால் வந்ததற்கும் இடம் கிடைப்பதற்கும் சம்பந்தமில்லை என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு யாராவது சொல்ல வேண்டும். தயவுசெய்து நீங்களே சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

சிகாகோ பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். நோபல் பரிசு வாங்கியவர்களின் பட்டியலில் அதற்கு எப்போதுமே பெரிய இடம் உண்டு. 2006 வாக்கில் அங்கே விண்ணப்பித்தவர்களில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. அதன் விண்ணப்பமே விநோதமான கட்டுரைக் கேள்விகளுக்குப் பேர்போனது. அங்கே படிக்க மெய்யாகவே ஆசைப்பட்டவர்கள் மட்டும் உட்கார்ந்து எழுதினார்கள். பிறகு காமன் ஆப்பில் சேர்ந்தார்கள், தபால்களை அனுப்பினார்கள். 2018ல் விகிதம் ஏழு சதவீதத்துக்கு வந்துவிட்டது. நாற்பது சதவீதமாக இருந்த காலத்தில் அங்கே படித்தவர் யாராவது மட்டமான படிப்புப் படித்தார் என்று சொல்வீர்களா?

இந்த எண் எவ்வளவு சாரமற்றது என்று அதைத் தூக்கிப் பிடித்தவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். யு.எஸ். நியூஸ் இதழ் தன் தரவரிசைக் கணக்கிலிருந்து ஏற்பு விகிதத்தை 2018ல் எடுத்துவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு இனித் தன் விகிதத்தைச் செய்தியாக அறிவிப்பதில்லை என்று முடிவெடுத்தது. நாம்தான் இன்னும் விடவில்லை.

மேலே இருக்கிற எண்ணுக்கு வருவோம். கல்லூரி எத்தனை பேருக்கு இடம் தருகிறது என்பது, தந்தால் எத்தனை பேர் வந்து சேருவார்கள் என்பதைப் பொறுத்தது. ஹார்வர்டு கூப்பிட்டால் நூற்றுக்கு 84 பேர் அளவில் வந்துவிடுகிறார்கள். அதனால் 1,650 நாற்காலியை நிரப்ப 1,950 பேரைக் கூப்பிட்டால் போதும். அதே ஹார்வர்டுக்கு நூற்றுக்கு 42 பேர்தான் வருவார்கள் என்றால், அதே நாற்காலிகளுக்கு 3,900 பேரைக் கூப்பிட வேண்டியிருக்கும். விகிதம் இரு மடங்காகிவிடும். உள்ளே உட்காரும் வகுப்பின் அளவு ஒன்றுதான்.

வருவார்களா மாட்டார்களா என்ற சந்தேகத்தை அடியோடு ஒழிக்கத்தான் எர்லி டிசிஷன். நவம்பர் தொடக்கத்தில் ஒரே ஒரு கல்லூரிக்கு, கிடைத்தால் கட்டாயம் சேருவேன் என்று கையெழுத்துப் போட்டு விண்ணப்பிப்பது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு 2021ல் சேர விண்ணப்பித்தவர்கள் 56,333 பேர், இடம் கிடைத்தவர்கள் 3,202. விகிதம் 5.7 என்று செய்தி வந்தது. பிரித்தால் இரண்டு கதை தெரியும். எர்லி டிசிஷனில் 7,962 பேருக்கு 1,194 இடம், பதினைந்து சதவீதம். மற்ற 48,371 பேருக்கு 2,008 இடம், நான்கு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டி. வகுப்பில் பாதி டிசம்பருக்குள் நிரம்பிவிட்டது. அந்த 5.7 யாருக்குமே பொருந்தாத எண்.

உடனே எல்லோரும் எர்லி டிசிஷனுக்கு ஓடிவிடாதீர்கள். அந்தப் பதினைந்தில் ஏற்கெனவே பயிற்சியாளர் கைகாட்டிய விளையாட்டு வீரர்கள் இருக்கிறார்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். சாதாரணப் பிள்ளைக்கு உண்மையான அனுகூலம் அதைவிடக் குறைவு. இன்னொன்று பணம். கட்டாயம் சேருவேன் என்று சொல்லிவிட்டால், நான்கு கல்லூரிகள் தரும் உதவித்தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று மதிப்பிடும் கருவியைத் தங்கள் இணையதளத்தில் வைக்க வேண்டும் என்பது 2011 முதல் கல்லூரிகளுக்குச் சட்டக் கட்டாயம். கையெழுத்துப் போடும் முன் வருமானத்தை அதில் போட்டுப் பாருங்கள். ராத்திரி அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் டிசம்பரில் இடம் கிடைத்து, சந்தோஷத்தோடு கடன் கணக்கையும் சேர்த்துப் பார்த்துத் திகைத்து நின்ற குடும்பம் எனக்குத் தெரியும்.

ஹார்வர்டு வழக்குக்கே திரும்புகிறேன், ஏனென்றால் அங்கேதான் இந்த எண்ணின் உள் அறைகள் வெளிச்சத்துக்கு வந்தன. விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், நன்கொடை முதலிய காரணங்களால் டீன் பட்டியலில் இருப்பவர்கள், ஊழியர்களின் பிள்ளைகள். இந்த நான்கு வகையினரும் விண்ணப்பதாரர்களில் சுமார் ஐந்து சதவீதம், இடம் பெற்றவர்களில் சுமார் முப்பது சதவீதம் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்த ஆண்டுகளில் மொத்த விகிதம் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் கேட்டால் அறுபது இடம். பதினெட்டு இடம் ஐம்பது பேருக்குப் போகிறது. மீதி 950 பேருக்கு 42 இடம். அவர்களுக்கு விகிதம் 4.4. அந்த ஐம்பது பேர் தகுதியில்லாதவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் பிள்ளை அந்த வரிசையில் நிற்கவில்லை என்றால் செய்தியில் வந்த ஆறு அவளுக்கான எண் இல்லை, அவ்வளவுதான். எம்.ஐ.டி. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குச் சலுகை தருவதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி இரண்டும் கைவிட்டுவிட்டன. கலிபோர்னியா தன் தனியார் கல்லூரிகளுக்குத் தடையே போட்டுச் சட்டம் இயற்றியிருக்கிறது.

நம் பிள்ளைகளில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கிறார்கள். அவர்களுக்கு இந்த எண் இன்னும் பெரிய கண்ணாமூச்சி காட்டும். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெயின் வளாகத்தில் மொத்த விகிதம் நாற்பதை ஒட்டி இருந்த ஆண்டுகளில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஏழு அளவில்தான் இருந்தது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அதே படிப்புக்கு உள்மாநிலப் பிள்ளைகளில் நாலில் ஒருவருக்கு அளவில் இடம், வெளிமாநிலத்தவருக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று. டெக்சாஸில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் பள்ளியில் முதல் ஆறு சதவீதத்துக்குள் வருபவர்களுக்கு இடம் உறுதி என்றிருந்ததை 2026ல் சேர்பவர்களுக்கு ஐந்தாகக் குறைத்துவிட்டது. அந்த உறுதி பல்கலைக்கழகத்துக்குத்தான், படிப்புக்கு இல்லை. தரவரிசையில் இரண்டாவதாக வந்த பிள்ளைக்கும் கேட்ட துறை கிடைக்காமல் போகலாம். “இடம்தான் உறுதியாச்சே” என்று ஒரே விண்ணப்பத்தோடு இருந்துவிடாதீர்கள்.

எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இது யாரும் உங்களிடம் நேரில் சொல்லாத விஷயம். இரண்டு வயதில் இங்கே வந்து, கிண்டர்கார்ட்டனிலிருந்து இங்கேயே படித்து, தமிழைவிட ஆங்கிலம் சரளமாகப் பேசும் பிள்ளையாக இருக்கலாம். கிரீன் கார்டு வரிசையில் நீங்கள் பத்து வருஷமாக நின்றுகொண்டிருக்கலாம். ஆனால் எம்.ஐ.டி. உட்படப் பல தனியார் பல்கலைக்கழகங்களின் கணக்கில் அவள் வெளிநாட்டு விண்ணப்பதாரர். எம்.ஐ.டி.யில் வெளிநாட்டவருக்கான விகிதம் நூற்றுக்கு இரண்டை ஒட்டித்தான் இருந்துவருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் உங்கள் பிள்ளையும் ஒரே பள்ளி, ஒரே மதிப்பெண், ஒரே கல்லூரி என்றாலும் இருவரும் நிற்பது வேறு வேறு வரிசையில். பல கல்லூரிகள் வெளிநாட்டவர் உதவித்தொகை கேட்டால் அதையும் தேர்வில் கணக்கெடுக்கின்றன. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சிலவே அப்படிப் பார்ப்பதில்லை. பல மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் எச்-4 பிள்ளைகளை உள்மாநிலத்தவராக நடத்துகின்றன. பட்டியலை அங்கிருந்து தொடங்குங்கள். பிள்ளையிடமும் இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மார்ச்சில் அவள் தன்னையே குறை சொல்லிக்கொள்ளாமல் இருக்க அது ஒன்றே வழி.

மார்ச் கடைசி வாரம் ஐவி கல்லூரிகள் ஒரே மாலையில் முடிவை வெளியிடும். இரண்டு வருஷத்துக்கு முன் அன்றைக்கு எங்கள் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா ஒத்திகை. கூடத்தில் சின்னப் பிள்ளைகள் கோலாட்டம் பழகிக்கொண்டிருந்தார்கள். ஏழு மணிக்குச் சற்றுப் பிறகு பின்பக்கப் படிக்கட்டில் ஒரு பையன் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். செல்போன் திரை கீழே பார்க்கக் கவிழ்ந்திருந்தது. பள்ளியிலும் என் மாணவன் அவன். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “மிஸ், அந்த மூணு பர்சென்ட்ல நான் இல்லைன்னா நான் மீதி தொண்ணூத்தேழுதானே?” என்று கேட்டான்.

ஆசிரியர் பரிந்துரைப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. மாணவரை ஒவ்வொரு குணத்திலும் சராசரி, நன்று, முதல் பத்து சதவீதம், முதல் ஐந்து சதவீதம் என்று வரிசையாக மதிப்பிட்டுக்கொண்டே போனால், கடைசிக் கட்டம், என் பணிக்காலத்தில் பார்த்த மிகச் சிலரில் ஒருவர் என்பது. பதினேழு ஆண்டில் அந்தக் கடைசிக் கட்டத்தை நான் தொட்டது ஒன்பது பேருக்கு. அவன் அவர்களில் ஒருவன். ஒரு நிரூபணத்தை நான் போர்டில் போட்ட வழி சுற்றுவழி என்று சொல்லி, மறுநாள் நான்கு வரியில் எழுதிக்கொண்டு வந்தவன். அந்த ஒன்பது பேரில் ஐந்து பேருக்கு அவர்கள் முதலில் கேட்ட கல்லூரி கிடைக்கவில்லை. அன்று படிக்கட்டில் அவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “அந்த மூணும் தொண்ணூத்தேழும் அந்த காலேஜோட கணக்கு. உன்னை அளந்த கணக்கு என்கிட்ட இருக்கு.” அவன் நம்பினானா என்று தெரியவில்லை. ஆனால் எழுந்து உள்ளே வந்து கோலாட்டப் பிள்ளைகளுக்குத் தாளம் போட்டான்.

பெரிய படத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பியூ ஆய்வு மையம் 2017ஆம் ஆண்டுத் தரவை வைத்து 1,364 நான்காண்டுக் கல்லூரிகளைப் பார்த்தது. பத்து சதவீதத்துக்கும் குறைவாக எடுத்தவை 17. கேட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எடுத்தவை பாதிக்கும் அதிகம். ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் கரோலின் ஹாக்ஸ்பி 2009ல் எழுதிய ஆய்வின்படி, 1960களுக்குப் பிறகு மேலே இருக்கும் பத்தில் ஒரு பங்கு கல்லூரிகள்தான் கடினமாகியிருக்கின்றன. மற்றவை பெரும்பாலும் எளிதாகியே வந்திருக்கின்றன. நம் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் பதினேழும் அவற்றை ஒட்டிய சிலவும்தான் கல்லூரி. மற்ற 1,300க்கும் மேற்பட்டவை நமக்குக் கண்ணில் படுவதே இல்லை.

சரி, அந்தப் பதினேழில் ஒன்றுக்குப் போனால் வாழ்க்கையில் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பது நியாயமான கேள்வி. பொருளியலாளர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002ல் இதைத்தான் சோதித்தார்கள். கடினமான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஆனால் அவ்வளவு கடினமில்லாத கல்லூரியில் படித்தவர்களின் பிற்கால வருமானத்தைப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியவில்லை. விண்ணப்பிக்கும் துணிவும் திறமையும் அந்தப் பிள்ளையிடமே இருந்தது, அதை அவன் எங்கே போனாலும் கூடவே எடுத்துப் போனான். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி கூடுதல் பலன் தந்தது. ஆகவே வீட்டில் முதல்முறையாகக் கல்லூரி வாசல் மிதிக்கும் பிள்ளைக்குத்தான் அந்த இடத்தின் பயன் அதிகம். நம்மில் பலர் வீட்டில் அப்பாவும் அம்மாவும் முதுநிலைப் பட்டம் வாங்கியவர்கள்.

என் மகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தான். அங்கே நீரியல் சொல்லித்தந்த ஒரு பேராசிரியரோடு இரண்டு கோடைக்காலம் ஆற்றங்கரைகளில் தண்ணீர் மாதிரி எடுத்துக்கொண்டு திரிந்தான். இப்போது அதுவே அவன் வேலை. அந்தப் பேராசிரியர் அங்கே இருப்பதை எந்தச் சதவீதமும் எங்களுக்குச் சொல்லவில்லை. சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

எண் வேண்டும் என்றால் நல்ல எண்ணாகப் பாருங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்று ஒரு நீண்ட படிவத்தை வெளியிடுகின்றன. கல்லூரிப் பெயரோடு அந்த மூன்று சொல்லைத் தேடினால் கிடைக்கும். சி-1 பகுதியில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று தனித்தனியாக இருக்கும். எம்.ஐ.டி.யில் பெண்களுக்கான விகிதம் ஆண்களைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு இருந்ததை அங்கேதான் பார்க்கலாம். சி-2ல் வெயிட்லிஸ்டில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேரைக் கூப்பிட்டார்கள் என்று இருக்கும். சில ஆண்டுகளில் பூஜ்யம். சி-7ல் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறோம் என்று கல்லூரியே குறித்திருக்கும். சி-9ல் சேர்ந்தவர்களின் தேர்வு மதிப்பெண், சி-21ல் எர்லி டிசிஷன் கணக்கு. இதோடு, எத்தனை பேர் நான்கு அல்லது ஆறு ஆண்டில் பட்டம் வாங்கினார்கள் என்பதும் பி பகுதியில் உண்டு. உள்ளே போனவர்களில் எத்தனை பேர் முடித்து வெளியே வந்தார்கள் என்று கேட்கும் பெற்றோரை நான் இதுவரை இரண்டே பேரைத்தான் பார்த்திருக்கிறேன்.

எர்லி டிசிஷனுக்கான நவம்பர் 1 நெருங்குகிறது. இந்த மாதம் ஞாயிறு தோறும் தமிழ் வகுப்பு முடிந்ததும் மதியம் இரண்டு மணி வரை ஏழாம் எண் அறையில் இருப்பேன். லேப்டாப்பும் உங்கள் பட்டியலும் கொண்டுவாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள், அவர்கள் இல்லாமல் பட்டியலைத் தொட மாட்டேன். எக்செல் தாள் கொண்டுவந்த அந்த அண்ணனும் வருகிறேன் என்றிருக்கிறார். அவருடைய இரண்டாவது பெண் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு. பட்டியலில் இந்த முறை ஒன்பது கல்லூரிகள்தான் இருக்கின்றன, நான்கு எங்கள் மாநிலத்திலேயே.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் கணக்கு டீச்சர்